குறியும் திசையும்: கோணத்தின் கால்வட்டத்தைத் துணிதல் பற்றி ஒரு விளக்கம்

1. தோற்றுவாய்

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்வேட்டிலே திரிகோணகணிதம் பற்றிய கட்டுரையொன்று இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். அதனை எழுதும் நாம் இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்பது அவ்வியப்பினை மேலும் மிகுவிக்கலாம். ஆயின், கலைப்பீடத்தார்க்குக் கணிதம் வேண்டாதது, விஞ்ஞானபீடத்தார்க்கு வரலாறு புறம்பானது என்னும் எண்ணம் அறிவின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. நமது கல்வியமைப்பில் ஊறிப்போன வேலைப்பிரிவினையின் விளைவே அது. அப்பிரிவினையை ஏற்றுக் கணிதத்தை விலக்கிவைப்போர், மனித சிந்தனை வரலாற்றின் பெரும்பகுதியொன்றைத் தமக்குத் தாமே அடைத்துக்கொள்கின்றனர்.

நாம் எடுத்துக்கொண்ட வினா மிகச் சிறியது. ஒரு கோணத்தின் அளவு தெரியாது. அதன் சைன், கோசைன், தான்சன் ஆகியவற்றின் பெறுமானங்களும் தெரியா. அவை நேரானவையா, மறையானவையா என்பது மாத்திரம் தெரியும். இவ்வளவைக் கொண்டு அக்கோணம் வட்டத்தின் நான்கு கால்வட்டங்களுள் எதில் அமைகின்றது எனத் துணிவது எவ்வாறு?

உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்ற மாணாக்கர் பெரும்பாலோர் இதற்கு உடனே விடையளிப்பர். “எல்லாம், சைன், தான், கோஸ்” என்னும் வரிசை அவர்தம் நாவில் நிற்கும். முதலாங் கால்வட்டத்தில் எல்லாம் நேர், இரண்டாவதிற் சைன் மாத்திரம் நேர், மூன்றாவதில் தான்சன், நான்காவதிற் கோசைன். விடை சரியானதே. ஏன் அவ்வாறு என வினவினால், பெரும்பாலும் மௌனமே எஞ்சுகின்றது. சரியான விடைக்கும் அம்மௌனத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலில் வினாவின் கணிதப் பொருளை விளக்கி, அதன் பின்னர் இவ்விதி வரலாற்றிற் பெற்ற வடிவங்களை நோக்குவோம்.

2. முக்கோணியின் எல்லை

பாடசாலையிலே சைன் முதன்முதலாகச் செங்கோண முக்கோணியின் வாயிலாக அறிமுகமாகின்றது. கோணத்துக்கு எதிரேயுள்ள பக்கத்தின் நீளத்தைச் செம்பக்கத்தின் நீளத்தால் வகுத்தால் வருவது சைன். அயற்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்தால் வருவது கோசைன். எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுத்தால் வருவது தான்சன். பக்கத்தின் நீளம் எப்பொழுதும் நேரான கணியம். மேலும், அம்முக்கோணியில் செங்கோணம் நீங்கலாக எஞ்சிய இரு கோணங்களும் 90 பாகையிலும் குறைந்தவை. ஆகவே இவ்வரைவிலக்கணத்தில் மறைக்குறி தோன்றுதற்கு இடமேயில்லை. கால்வட்டம் என்ற வினாவும் எழுவதில்லை.

ஆயின், உலகிலே திரும்புவன யாவும் 90 பாகையோடு நின்றுவிடுவதில்லை. வண்டிச் சில்லு சுழல்கின்றது. சந்திரன் பூமியைச் சுற்றிவருகின்றது. பொறியின் அச்சு ஒரு நிமிடத்திற் பலநூறு முறை சுழல்கின்றது. இவற்றை அளக்க முக்கோணி போதாது. முக்கோணியை விட்டு வட்டத்துக்கு வரவேண்டியுள்ளது.

ஆரை 1 ஆகவுள்ள வட்டமொன்றைக் கருதுவோம். அதன் மையத்தினூடாகக் கிடையாக ஒரு கோடும் நிலைக்குத்தாக ஒரு கோடும் வரைவோம். இவ்விரு அச்சுக்களும் வட்டத்தை நான்கு சம பகுதிகளாகப் பிரிக்கின்றன. மையத்திற் பொருத்தப்பட்ட கை ஒன்று வலப்புறக் கிடையச்சிலிருந்து புறப்பட்டு, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றது எனக் கொள்வோம். அது 0 முதல் 90 பாகை வரை செல்லும் பகுதி முதலாங் கால்வட்டம். 90 முதல் 180 வரை இரண்டாவது. 180 முதல் 270 வரை மூன்றாவது. 270 முதல் 360 வரை நான்காவது.

கையின் நுனி வட்டத்தில் எங்கு நின்றாலும் அதன் இடத்தை இரு எண்களாற் குறிக்கலாம். நிலையச்சிலிருந்து அது வலமாகவோ இடமாகவோ விலகிய தூரம் ஒன்று. கிடையச்சிலிருந்து மேலாகவோ கீழாகவோ விலகிய தூரம் மற்றொன்று. முன்னதைக் கிடைக்கூறு என்றும் பின்னதை நிலைக்கூறு என்றும் அழைப்போம். வலமும் மேலும் நேர். இடமும் கீழும் மறை. ஆரை 1 ஆதலின், கிடைக்கூறே கோசைன், நிலைக்கூறே சைன், நிலைக்கூற்றைக் கிடைக்கூற்றால் வகுத்தால் வருவது தான்சன். முதலாங் கால்வட்டத்தில் இவ்வரைவிலக்கணம் முக்கோணியின் வரைவிலக்கணத்தோடு முற்றாகப் பொருந்தும். ஏனைய மூன்றிலும் அது முக்கோணியாற் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்கின்றது. அதுவே திசை.

3. இரண்டு வினாக்கள்

இப்பொழுது குறியின் பொருள் தெளிவாகும். சைன் நேரா மறையா என்று கேட்பது, கையின் நுனி கிடையச்சுக்கு மேலே உள்ளதா கீழே உள்ளதா என்று கேட்பதேயாகும். மேலே எனின் முதலாவது அல்லது இரண்டாவது கால்வட்டம். கீழே எனின் மூன்றாவது அல்லது நான்காவது. கோசைன் நேரா மறையா என்று கேட்பது, நுனி நிலையச்சுக்கு வலத்தே உள்ளதா இடத்தே உள்ளதா என்று கேட்பதாகும். வலத்தே எனின் முதலாவது அல்லது நான்காவது. இடத்தே எனின் இரண்டாவது அல்லது மூன்றாவது.

ஒவ்வொரு வினாவும் வட்டத்தைப் பாதியாக்குகின்றது. முதல்வினா அதனைக் குறுக்கே வெட்டுகின்றது. இரண்டாவது நெடுக்கே வெட்டுகின்றது. இரு விடைகளும் சேருமிடத்துக் காற்பகுதி ஒன்றே எஞ்சுகின்றது. சைன் நேர், கோசைன் மறை எனத் தரப்பட்டால், நுனி மேலேயும் இடத்தேயும் உள்ளது. ஆகவே இரண்டாங் கால்வட்டம். இரண்டும் மறை எனின், கீழேயும் இடத்தேயும், ஆகவே மூன்றாவது. இதனை உணர்ந்தவர்க்கு மனனவரிசை வேண்டியதில்லை.

தான்சனின் குறி கேட்கும் வினா வேறுவகையானது. அது ஏனைய இரு குறிகளும் ஒத்திருக்கின்றனவா, முரண்படுகின்றனவா என்று கேட்கின்றது. நேரை நேரால் வகுத்தால் நேர். மறையை மறையால் வகுத்தாலும் நேர். எனவே தான்சன் நேராயின் கோணம் முதலாவதில் அல்லது மூன்றாவதில் உள்ளது; மறையாயின் இரண்டாவதில் அல்லது நான்காவதில். சைனும் கோசைனும் அடுத்தடுத்துள்ள கால்வட்டங்களை இணைக்க, தான்சன் எதிரெதிரானவற்றை இணைக்கின்றது.

இதிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, சைன், கோசைன், தான்சன் என்பவற்றுள் எவையேனும் இரண்டின் குறி தெரிந்தாற் போதும். மூன்றாவதன் குறி தானே பெறப்படும். மூன்று குறிகளையும் எட்டு வகையாகச் சேர்த்தெழுதலாமாயினும், அவற்றுள் நான்கே இயலக்கூடியவை. சைனும் கோசைனும் நேராயிருக்கத் தான்சன் மறையாயிருக்கும் கோணம் எங்குமில்லை. இரண்டாவது, இரண்டு குறிகள் தரப்பட்டன என்பதனாலேயே விடை கிடைத்துவிடாது. சைனின் நிகர்மாறு கோசீக்கன். அதன் குறி எப்பொழுதும் சைனின் குறியே. இவ்விரண்டும் தரப்படின் ஒரே சாட்சியை இருமுறை விசாரித்தவராவோம். கோசைனுக்கும் சீக்கனுக்கும், தான்சனுக்கும் கோதான்சனுக்கும் இது பொருந்தும். மூன்றாவது, கை சரியாக அச்சின் மீது நிற்கும்பொழுது, அதாவது கோணம் 0, 90, 180, 270 பாகையாக இருக்கும்பொழுது, சைனோ கோசைனோ பூச்சியமாகின்றது. பூச்சியத்துக்கு நேர்க்குறியும் இல்லை, மறைக்குறியும் இல்லை. அக்கோணங்கள் எக்கால்வட்டத்துக்கும் உரியனவல்ல.

4. வர்க்கமூலம் இழப்பது

குறி ஏன் இன்றியமையாதது என்பதைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்குவோம். ஒரு கோணத்தின் சைன் 3/5 எனத் தரப்பட்டுள்ளது, கோசைன் யாது? சைனின் வர்க்கமும் கோசைனின் வர்க்கமும் சேர்ந்து 1 ஆகும் என்பது பைதகரசின் தேற்றத்திலிருந்து பெறப்படுவது. (இங்கு வர்க்கம் என்பது எண்ணின் வர்க்கம், எமது ஏனைய கட்டுரைகளில் வரும் வர்க்கம் அன்று.) ஆகவே கோசைனின் வர்க்கம் 16/25. வர்க்கமூலம் கண்டால் 4/5 என்றும் வரலாம், −4/5 என்றும் வரலாம். சமன்பாடு இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க மாட்டாது. வர்க்கமாக்கும் செயல் குறியை அழித்துவிட்டது. அழிந்ததை வர்க்கமூலம் மீட்டுத்தராது. கோணம் எக்கால்வட்டத்தைச் சேர்ந்தது என்னும் செய்தி வெளியிலிருந்து வந்தாலன்றி விடை இல்லை. இரண்டாங் கால்வட்டம் எனக் கூறப்பட்டால் −4/5 எனத் துணிகின்றோம்.

இன்னொன்று: தான்சன் 5/12, கோசைன் மறை. தான்சன் நேராதலின் முதலாவது அல்லது மூன்றாவது. கோசைன் மறையாதலின் இரண்டாவது அல்லது மூன்றாவது. இரண்டுக்கும் பொதுவானது மூன்றாவது. 5, 12, 13 என்னும் பக்கங்களையுடைய முக்கோணியை அங்கு நிறுத்தினால், சைன் −5/13, கோசைன் −12/13 என்பன பெறப்படும்.

வகுத்தலும் வர்க்கமாக்கலைப் போலவே செய்தியை இழக்கச் செய்யும். நில அளவையாளர் ஒருவர் எல்லைக்கல் ஒன்றிலிருந்து 30 மீற்றர் கிழக்கேயும் 40 மீற்றர் வடக்கேயும் உள்ள கல்லொன்றைக் குறிக்கின்றார் என்க. வேறொரு கல் 30 மீற்றர் மேற்கேயும் 40 மீற்றர் தெற்கேயும் உள்ளது. கிழக்கும் வடக்கும் நேர், மேற்கும் தெற்கும் மறை எனக் கொண்டால், 30ஐ 40ஆல் வகுத்தாலும் −30ஐ −40ஆல் வகுத்தாலும் 3/4 என்னும் ஒரே விகிதமே வரும். விகிதத்தை மாத்திரம் பேணிக் குறிகளைக் கைவிட்டால், எதிரெதிர்த் திசைகளில் 100 மீற்றர் இடைவெளியில் நிற்கும் இரு கற்களையும் வேறுபடுத்த வழியில்லை. கணினி மொழிகளில் தான்சனிலிருந்து கோணத்தைக் காண்பதற்கு இரு சார்புகள் வைக்கப்பட்டுள்ளமைக்கு இதுவே காரணமாகும். ஒன்று வகுத்து முடித்த விகிதத்தை ஏற்பது. மற்றது இரு கூறுகளையும் அவற்றின் குறிகளோடு தனித்தனியே ஏற்பது. பின்னது கால்வட்டத்தையும் சேர்த்துத் தரும், முன்னது தராது.

சுழற்சி ஒரு வட்டத்தைக் கடந்துவிட்டால் முழுச் சுற்றுக்களை நீக்கிக் காணலாம். 1000 பாகை என்பது இரு முழுச் சுற்றும் 280 பாகையும். ஆகவே நான்காங் கால்வட்டம். சைன் மறை, கோசைன் நேர். −200 பாகை என்பது எதிர்ப்புறமாகச் சுழன்றது, ஒரு சுற்றைக் கூட்டினால் 160, ஆகவே இரண்டாவது.

ஆயின், முழுச் சுற்றுக்களை நீக்குவது எப்பொழுதும் தீங்கற்றதன்று. 210 பாகையும் 570 பாகையும் வட்டத்தில் ஒரே இடத்தில் முடிகின்றன. அவற்றின் குறிகளிலோ பெறுமானங்களிலோ எவ்வித வேறுபாடும் இல்லை. ஆனால் அவற்றைப் பாதியாக்கினால் ஒன்று 105, மற்றது 285. முன்னது இரண்டாங் கால்வட்டம், பின்னது நான்காவது. இன்று ஒரே இடத்தில் நிற்கும் இரு பொருள்கள் தாம் கடந்துவந்த பாதையால் வேறுபட்டவையாயிருத்தல் கூடும் என்பதும், அவ்வேறுபாடு அடுத்த செயலின்பொழுதே வெளிப்படும் என்பதும் இலக்கிய வரலாற்றை ஆராய்வோர்க்குப் புதியனவல்ல. கணிதத்திலும் அது மெய்யென்பதைக் காண்கையில் இரு துறைகளுக்கும் இடையிலுள்ள மதில் சற்றுத் தாழ்கின்றது.

5. மேடம் முதலாக, மகரம் முதலாக

இவ்விதி எங்கிருந்து வந்தது? கணிதத்தின் மூலக்கருத்துக்கள் தூய சிந்தனையின் படைப்புக்களல்ல என்றும், நிலத்தை அளத்தல், காலத்தைக் கணித்தல் முதலிய மனிதத் தேவைகளிலிருந்து பிறந்தவை என்றும் எங்கெல்ஸ் 1878இல் நூலாக வெளிவந்த டூரிங்குக்கு மறுப்பில் எடுத்துக்காட்டினார். திரிகோணகணிதத்தின் வரலாறு அக்கூற்றுக்கு நல்ல சான்றாகும். அது வானியலின் பணிப்பெண்ணாகப் பிறந்தது. வானியலோ விதைப்புக்கும் வழிபாட்டுக்கும் வேண்டிய காலக்கணிப்பைச் சார்ந்து வளர்ந்தது.

கிரேக்க வானியலாளர் வட்டவில்லின் முழு நாணையே அட்டவணைப்படுத்தினர். தொலமியின் நூலிற் காணப்படுவது நாண் அட்டவணையே. அரைநாணைப் பயன்படுத்தும் முறை இந்திய வானியலில் நிலைபெற்றது. அதன் பெயர் ஜ்யா; வில்லின் நாண் என்பது பொருள். இச்சொல் ஜீவா எனவும் வழங்கிப் பின் அரபு மொழிக்குச் சென்றது. அங்கு உயிரெழுத்தின்றி எழுதப்பட்டமையால் மடிப்பு அல்லது மார்பு எனப் பொருள்படும் வேறொரு சொல்லாக வாசிக்கப்பட்டது. அதன் மொழிபெயர்ப்பாக இலத்தீனிற் சைனசு என்றாயிற்று. இன்று நாம் சைன் என எழுதுவது, நாண் என்ற பொருளை வழியில் தொலைத்துவிட்டுத் திரும்பிவந்த சொல்லாகும்.

499ஆம் ஆண்டைத் தம் நூலிற் குறிப்பிடும் ஆரியபடர், ஆரை 3438 ஆகவுள்ள வட்டத்துக்கு 24 ஜ்யா வேறுபாடுகளைத் தந்தார். அவை 225, 224, 222 எனத் தொடங்கிப் படிப்படியாகக் குறைவன. 3 பாகை 45 கலை வீதம் 24 படிகள் சென்றால் 90 பாகை நிறைவுறும். அதாவது அட்டவணை ஒரு காற்பகுதிக்கு மாத்திரமே உரியது. கிரகமோ வட்டம் முழுவதையும் சுற்றுகின்றது. ஆகவே எஞ்சிய மூன்று காற்பகுதிகளுக்கும் இவ்வட்டவணையைப் பயன்படுத்த விதிகள் வேண்டியிருந்தன. சூரிய சித்தாந்தம் அவ்விதிகளைத் தருகின்றது. காற்பகுதி அங்கே பதம் எனப்படும். ஒற்றைப் பதங்களில், கடந்த வில்லிலிருந்து புஜ ஜ்யாவையும் கடக்கவேண்டிய வில்லிலிருந்து கோடி ஜ்யாவையும் காணவேண்டும். இரட்டைப் பதங்களில் இதனை மாற்றிச் செய்யவேண்டும். இவையே முறையே எமது சைனும் கோசைனும்.

அளவு இவ்வாறு பெறப்பட்டது. குறி எவ்வாறு பெறப்பட்டது? கிரகத்தின் இடத்துக்கும் அதற்குரிய உச்சத்துக்கும் இடையேயுள்ள கோணத்தூரம் கேந்திரம் எனப்பட்டது. அதனையும் 30 பாகை வீதம் பன்னிரண்டாகப் பகுத்து இராசிகளின் பெயராலேயே வழங்கினர். சீக்கிரத் திருத்தத்தில், கேந்திரம் மேடம் முதலான ஆறு இராசிகளில் இருப்பின் புஜத்தாற் பெற்ற பலனைக் கூட்டுக. துலாம் முதலான ஆறில் இருப்பின் கழிக்க. மகரம் முதலான ஆறில் இருப்பின் கோடியாற் பெற்ற பலனை ஆரையோடு கூட்டுக. கர்க்கடகம் முதலான ஆறில் இருப்பின் கழிக்க. இவையே விதிகளாகும்.

இவ்விதிகளைச் சற்று நிதானித்து நோக்குதல் தகும். மேடம் முதல் கன்னி வரை 0 முதல் 180 பாகை. அங்கே சைன் நேர். துலாம் முதல் மீனம் வரை 180 முதல் 360; அங்கே சைன் மறை. மகரம் 270 பாகையில் தொடங்குகின்றது. அதிலிருந்து ஆறு இராசிகள் மிதுனத்தோடு முடிகின்றன. அவை நான்காவதும் முதலாவதுமான பதங்கள். அங்கே கோசைன் நேர். கர்க்கடகம் முதல் தனு வரை இரண்டாவதும் மூன்றாவதும். அங்கே கோசைன் மறை. குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. புஜபலனைக் கூட்டவும் கோடிபலனைக் கழிக்கவும் வேண்டியிருந்தால், இரு தொகுதிகளுக்கும் பொதுவாயுள்ள இராசிகள் கர்க்கடகம், சிங்கம், கன்னி என்னும் மூன்றே. அதாவது இரண்டாம் பதம். இன்று உயர்தர வகுப்பிற் கேட்கப்படும் வினாவின் முழு உள்ளடக்கமும் இங்கு உள்ளது.

6. கட்டளையிலிருந்து கணியத்துக்கு

ஆயினும், பழையதில் யாவும் இருந்தன எனக் கூறி மகிழ்ந்துவிடுவது ஆராய்ச்சியாகாது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கூர்ந்து நோக்கற்பாலது. அங்கே புஜ ஜ்யா என்பது ஒரு கோட்டின் நீளமே. குறி அதனுள் இல்லை. கூட்டுக, கழிக்க என்னும் கட்டளை வெளியே இராசிப் பெயரோடு ஒட்டி நிற்கின்றது. இன்றைய சைன் தன் குறியைத் தன்னுள்ளேயே கொண்ட எண். வெளியிலிருந்த கட்டளை கணியத்தின் பண்பாக உள்வாங்கப்பட்டமையே இடையில் நிகழ்ந்த மாற்றம்.

குறியுடைய எண்கள் பற்றிய அறிவு இந்தியாவில் இல்லாமற் போகவில்லை. பிரமகுப்தர் 628இல் நேர், மறை எண்களுக்கான செய்கை விதிகளை வகுத்தார். அவர் கையாண்ட சொற்கள் தனம், ருணம் என்பன; செல்வமும் கடனும். கடன் வெறும் இன்மையன்று. கையில் ஒன்றுமில்லாதவனின் நிலை வேறு; கடன்பட்டவனின் நிலை வேறு. கடன் என்பது இருவருக்கிடையே உள்ள உறவு, அதற்குத் திசையுண்டு. கொடுக்கல் வாங்கலும் கணக்கெழுதுதலும் வளர்ந்த சமுதாயத்திலேதான் பூச்சியத்துக்கும் கீழே எண் உண்டென்பதற்கு இத்தகைய பெயர்கள் கிடைத்திருக்க முடியும். இலங்கையில் நாம் வழங்கும் மறை என்ற சொல், எதிர்மறை என்னும் இலக்கண வழக்கோடு தொடர்புடையது. அது மறுப்பைச் சுட்டுகின்றது. எதிர்த்திசையிலும் மெய்யான அளவுண்டு என்பதைக் கடன் என்னும் சொல்லளவுக்கு அது உணர்த்துவதில்லை. மாணாக்கர் மறை எண்ணை ஏதோ குறைபாடெனக் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஐரோப்பாவில் மறை எண்கள் எளிதில் ஏற்கப்படவில்லை. ஆள்கூற்றுக் கேத்திரகணிதத்துக்கு 1637இல் வழிவகுத்த டேக்கார்ட்டு, சமன்பாடுகளின் மறைத் தீர்வுகளைப் பொய்யானவை என்றே அழைத்தார். சைனைக் கோட்டுத்துண்டமாகக் காணும் வழக்கை விட்டு, ஆரை 1 ஆகவுள்ள வட்டத்துக்குரிய எண்சார்பாக அதனை ஒழுங்குபடுத்திக் கையாண்ட பெருமை ஒயிலரின் 1748ஆம் ஆண்டு நூலுக்குரியது. கோணம் கால்வட்டங்களைக் கடந்து செல்கையிற் குறிகள் எவ்வாறு மாறுகின்றன என்பது அங்கே சூத்திரங்களாக வகுக்கப்பட்டுள்ளது.

அது அக்காலத்தில் நிகழ்ந்தமை தற்செயலானதன்று. கடல்வணிகமும் கப்பற்பயணமும் விரிவடைந்த காலம் அது. ஊசலின் அசைவு, நாணின் அதிர்வு, கோள்களின் இயக்கம் ஆகியவற்றைக் காலத்தின் சார்பாக எழுதவேண்டிய தேவை எழுந்த காலம். இடையறாது நிகழும் அசைவைக் குறிக்கும் கணியம், ஒவ்வொரு பதத்திலும் நின்று புதிய கட்டளைக்குக் காத்திருக்க முடியாது. நியூற்றனின் நூலுக்குச் சமூக பொருளாதார வேர்கள் உண்டென 1931இல் இலண்டனில் வாதிட்ட கெசன் இத்தகைய தொடர்புகளுக்கே கவனத்தை ஈர்த்தார். எனினும், பொருளாதாரத் தேவை சூத்திரத்தை நேரே பிரசவித்துவிடுவதில்லை. தேவை வினாவை எழுப்புகின்றது. விடையின் வடிவத்தைக் கணிதத்தின் உள்ளார்ந்த வளர்ச்சியும் துணிகின்றது. இவ்விரண்டில் ஒன்றை மறப்போர் யாந்திரிகவாதத்திலோ கருத்துமுதல்வாதத்திலோ விழுவர்.

7. மனனமும் விளக்கமும்

தொடக்கத்தில் எழுப்பிய மௌனம் பற்றிய வினாவுக்கு இப்பொழுது திரும்புவோம். 1825இல் சென்னையில் வெளியான காலசங்கலிதம் என்னும் நூலில், யோன் வாரன் புதுச்சேரியிற் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். எழுத்தின் துணையின்றி, நிலத்திற் சோழிகளைப் பரப்பி, சொற்களாகக் கட்டப்பட்ட அட்டவணைகளை நினைவிலிருந்து மீட்டு, அவ்வாண்டின் சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் பிழை ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்டதே. ஆனால் தாம் செய்த கணிப்பின் பின்னாலுள்ள கோட்பாட்டை அவர் அறிந்திருக்கவில்லை என்றும் வாரன் எழுதுகின்றார்.

இதனைக் கூறுவது அக்கணிதரைத் தாழ்த்துவதற்கன்று. அவருடைய நினைவாற்றலும் ஒழுங்கும் போற்றத்தக்கவை. அவர் கையில் ஓர் அறிவுமரபு பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்துள்ளது. ஆயின், விதி வாய்மொழியாகக் கைமாறிக் காரணம் கைமாறாதவிடத்து, அறிவு பேணப்படுமேயன்றித் திருத்தப்படமாட்டாது. வானம் விதியிலிருந்து விலகும்பொழுது எங்கே மாற்றுவதென அறியும் வழி அடைபடுகின்றது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வேறுபட்டு நிற்பதனை ஈழத்திலும் தமிழகத்திலும் இன்றும் காண்கின்றோம். இரண்டில் எது பெரியோர் வழக்கு என்று வாதிடப்படும் அளவுக்கு, எக்கணிப்பில் எப்படி ஏன் வேறுபடுகின்றது என்பது ஆராயப்படுவதில்லை.

காரணத்தை அறியாமை ஒருசாரார்க்கு இழப்பாகையில் மறுசாரார்க்கு அது ஆதாயமாதலும் உண்டு. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பட்டது. காடாகவும் தரிசாகவும் கிடந்த, உரிமை நிறுவப்படாத நிலங்களை முடிக்குரியனவாகக் கொள்ளும் சட்டம் 1840இல் வந்தது. தலைமுறையாகத் தான் நடந்த எல்லையைக் காலால் அறிந்திருந்த விவசாயிக்கு, அதே எல்லை பாகைகளாகவும் தூரங்களாகவும் எழுதப்பட்ட படம் அந்நியமாயிருந்தது. அவனது நிலம் பறிபோனமைக்குக் காரணம் கணிதமன்று. குடியேற்ற ஆட்சியின் அதிகாரமே. ஆயினும், படத்தை வாசிக்க அறியாதவனால் அப்படத்தோடு வழக்காட முடியவில்லை.

எமது வகுப்பறைகளில் “எல்லாம், சைன், தான், கோஸ்” என ஒப்புவிக்கும் மாணாக்கர் சோழிகளைப் பரப்பியிருந்த கணிதரின் வழித்தோன்றலேயாவர். அவர் கிரகணத்தைக் கணித்தார்; இவர்கள் புள்ளிகளைப் பெறுகின்றனர். 570 பாகையின் பாதி எங்கே அமையும் என்று கேட்டதும், மனனவரிசை கைகொடாதுவிடுகின்றது. மேலே, கீழே, வலத்தே, இடத்தே என்னும் இரு வினாக்களை அறிந்தவரோ கையைச் சுழற்றிப் பார்த்து விடைகாண்பர். இதற்கு மேலதிக நேரம் வேண்டியதில்லை. கரும்பலகையில் ஒரு வட்டமும் இரு கோடுகளும் போதும்.

மார்க்சு தம் கணிதக் குறிப்புக்களில் (இவை 1968இல் மொசுக்கோவில் முழுமையாக வெளியிடப்பட்டன) வகையீட்டுக் குறியீடுகளை ஏற்றுக்கொள்வதோடு அமையாது, அவை எச்செயன்முறையின் விளைவாகத் தோன்றின என்பதையே தேடினார். காரணம் விளங்காத குறியீடு மாயத்தன்மை பெற்றுவிடுகின்றது என்பது அவரது கவலை. ஒரு கூட்டற்குறிக்கும் கழித்தற்குறிக்கும் கூட அது பொருந்தும். தமிழிற் கணிதம் கற்பிக்கப்படும் இக்காலத்தில் கலைச்சொற்களை ஆக்கியதோடு எமது பணி முடிந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. அச்சொற்களின் பின்னாலுள்ள காரணத்தைத் தமிழில் வினவவும் தமிழில் விளக்கவும் வல்ல மாணாக்கரை உருவாக்குதல் கணித ஆசிரியர்க்கு மாத்திரமன்றி, மொழியையும் இலக்கியத்தையும் கற்பிக்கும் எம் போன்றோர்க்கும் உரிய பொறுப்பாகும்.